பதிவேடு வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்பது யார்?



வகுப்பறையில் நாம் நாள்தோறும் செய்கின்ற முதல் வேலை வருகைப் பதிவேட்டைக் குறிப்பதுதான். இரண்டு நிமிட வேலை. ஆயினும் அந்தப் பதிவேட்டை நம்பித்தான் எத்தனையோ காரியங்கள் நடக்கின்றன. உதவித்தொகை அதை நம்பி வருகிறது. தேர்வு எழுதும் தகுதி அதை நம்பி இருக்கிறது. அதில் ஒரு பெயரை அடித்து வேறொரு பெயரை எழுதிவிட்டால் ஒரு பிள்ளையின் உரிமை இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும். பதிவேடு வெறும் தாள்தான். அதற்கு மதிப்பைத் தருவது அதைக் குறிப்பவரின் நேர்மைமீது மற்றவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை.

இணையத்திற்கும் இப்படியொரு பதிவேடு உண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். ஆப்பிரிக்கக் கண்டத்தில் அந்தப் பதிவேட்டைப் பேணும் அமைப்பு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பட்ட பாட்டைப் பற்றித்தான் இன்று எழுத விழைகிறேன். ‘ஆப்பிரிக்காவில் நடந்த சண்டை நமக்கெதற்கு?’ என்று நினைக்க வேண்டா. பொது அமைப்பு ஒன்றை நடத்துகின்ற அனைவரும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அமர்ந்திருக்கும் நாமும்கூட, படித்துக்கொள்ள வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

எண்களின் பதிவேடு

இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வேண்டும். அஞ்சல்காரருக்கு வீட்டு முகவரி எப்படியோ, இணையத்திற்கு அந்த எண் அப்படி. ஓர் எண்ணை உலகில் இருவர் உரிமை கொண்டாடினால் செய்தி யாருக்குப் போய்ச் சேரும்? ஆகவே எந்த எண் யாருக்குரியது என்று ஒருவர் எழுதிவைத்தாக வேண்டும்.

தொடக்கக் காலத்தில் இந்தப் பட்டியலை ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் ஏறக்குறைய தனியொருவராகவே பேணி வந்தார். 1998ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அதற்கு முன்பே இணையம் பெருகிவிட்டதால் வட்டாரத்திற்கு ஒரு பதிவகம் என்ற முறை தோன்றிவிட்டிருந்தது. ஐரோப்பாவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் 1992இல் ரைப், ஆசிய பசிபிக் வட்டாரத்திற்கு 1993இல் ஏப்னிக், வட அமெரிக்காவுக்கு 1997இல் ஆரின், இலத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் 2002இல் லாக்னிக், இறுதியாக 2005இல் ஆப்பிரிக்காவுக்கு அஃப்ரினிக். இவ்வைந்தும் அரசாங்க அமைப்புகள் அல்ல. அந்தந்த வட்டாரத்து இணையச் சேவை நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பிறரும் உறுப்பினர்களாகச் சேர்ந்து, சந்தா கட்டி, தங்களுக்குள் தேர்தல் நடத்தி நிருவகிக்கும் அமைப்புகள். மலேசியாவும் சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இயங்கும் ஏப்னிக்கின் கீழ் வருகின்றன. அஃப்ரினிக் மொரீசியசில் அந்நாட்டு நிறுவனச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட ஓர் அமைப்பு. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எண்கள் பொருளான கதை

இன்றும் பெரிதும் புழங்கிவரும் பழைய முறையில், அதாவது நான்காம் பதிப்பில், மொத்தம் 4,294,967,296 முகவரிகளே உண்டு. உலக மக்கள் தொகையே 8 பில்லியனைத் தாண்டிவிட்டது. ஆளுக்கொன்று என்றாலும் போதாது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், மையக் கையிருப்பில் எஞ்சியிருந்த ஐந்து பெருந்தொகுதிகளை ஐந்து பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து முடித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் நம் ஏப்னிக் தன் கடைசித் தொகுதியைத் தொட்டுவிட்டது. அதன்பின் இங்கே கேட்டவர்க்குக் கேட்ட அளவு கிடைக்கவில்லை. சிறு சிறு அளவாக மட்டுமே கிடைத்தது. 2012இல் ரைப்பிலும் 2015இல் ஆரினிலும் அதே நிலை வந்தது.

ஆப்பிரிக்காவில் மட்டும் கையிருப்பு மிஞ்சியிருந்தது. அங்கே இணையம் மெல்ல வளர்ந்ததே அதற்குக் காரணம். வருங்காலத்தில் அக்கண்டத்துப் பிள்ளைகள் இணையத்துக்கு வரும்போது வேண்டுமே என்று இருந்த சேமிப்பு எனலாம்.

தட்டுப்பாடு வந்தால் விலை வரும். பதிவகங்கள் முகவரிகளை விற்பதில்லை. தேவையைக் காட்டும் உறுப்பினருக்கு ஆண்டுச் சந்தாவின் பேரில் ஒதுக்குகின்றன. ஆனால் ஒதுக்கீடு பெற்றவர்களிடமிருந்து மற்றவர்கள் விலைக்கு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் தொடங்கினர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு முகவரியின் சந்தை விலை 50 அமெரிக்க டாலரைத் தொட்டது. ஒரு மில்லியன் முகவரிகள் என்றால் 50 மில்லியன் டாலர்! பதிவேட்டில் எழுதப்படும் ஒரு வரிக்கு அத்தனை விலை. அப்படிப்பட்ட பதிவேடு, வசதி குறைந்த, ஆள்பலம் குறைந்த ஓர் அமைப்பின் கையில் இருந்தது. பூட்டில்லாத பெட்டியில் பொன்னை வைத்தது போன்ற நிலை.

வேலியே பயிரை மேய்ந்தது

2019ஆம் ஆண்டு, அஃப்ரினிக்கின் பதிவேட்டில் முறைகேடு நடந்திருப்பதாகத் தென்னாப்பிரிக்க ஊடகம் ஒன்று வெளியிட்டது. இணைய ஆய்வாளர் ஒருவர் தம் சொந்த முயற்சியில் தோண்டித் துருவி எடுத்த தகவல்கள் அதற்கு அடிப்படை. குற்றச்சாட்டு அமைப்பின் தொடக்கக் காலத்திலிருந்தே பணியாற்றிய மூத்த ஊழியர் ஒருவரைச் சுட்டியது. அவர் அவ்வாண்டே பணியிலிருந்து விலகினார். அமைப்பு காவல்துறையை நாடியது.

அதன்பின் நடந்த உள் தணிக்கையின் முடிவு 2021இன் தொடக்கத்தில் வெளியானது. நான்கு மில்லியனுக்கும் மேற்பட்ட முகவரிகள் முறைகேடாகக் கைமாறியிருந்தன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை அஃப்ரினிக்கின் சொந்தக் கையிருப்பிலிருந்து போனவை. எஞ்சியவை பதிவகம் தோன்றுவதற்கு முன்பே பழைய நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டு, கவனிப்பாரற்றுக் கிடந்தவை.

இதில் என்னைத் திடுக்கிட வைத்தது தொகையன்று. இத்தனையும் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது; கண்டுபிடித்தவரோ வெளியாள். ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் நடந்தது. இயக்குநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. ஆனால் பதிவேட்டையே எடுத்து, வரிவரியாகச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை. காசுக் கணக்கைத் தணிக்கை செய்தவர்கள், காசைவிட விலை மதிப்புள்ள எண்களின் கணக்கைத் தணிக்கை செய்யவில்லை.

வழக்கின்மேல் வழக்கு

தன் வீட்டைத் துப்புரவு செய்யும் முனைப்பில் அஃப்ரினிக் உறுப்பினர்களின் ஒதுக்கீடுகளையும் ஆராயத் தொடங்கியது. அதில் சிக்கல் வேறொரு திசையில் வெடித்தது.

சீசெல்சு தீவில் பதிவு செய்யப்பட்ட கிளவுட் இன்னொவேஷன் என்ற நிறுவனம் 2013 முதல் 2016 வரை ஏறத்தாழ 6.2 மில்லியன் முகவரிகளை அஃப்ரினிக்கிடமிருந்து பெற்றிருந்தது. மேலே சொன்ன ஊழியர் முறைகேட்டுக்கும் இதற்கும் முடிச்சுப் போடக்கூடாது. இது தனி விவகாரம். இந்நிறுவனம் விண்ணப்பத்தில் காட்டிய தேவைக்கு மாறாக முகவரிகளைப் பயன்படுத்துகிறது, அவை பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்கு வெளியே புழங்குகின்றன என்பது அஃப்ரினிக்கின் வாதம். அவற்றைத் திரும்பப் பெறப் போவதாக 2021 மார்ச்சில் அது அறிவித்தது. ‘நாங்கள் முறைப்படி விண்ணப்பித்துப் பெற்றோம், வட்டாரத்திற்கு வெளியே பயன்படுத்தக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை, பதிவகத்தின் வேலை எழுதி வைப்பதுதானே தவிரப் பிடுங்குவதன்று’ என்பது நிறுவனத்தின் வாதம்.

வழக்கு மொரீசியசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஜூலையில், நிறுவனம் கோரிய இழப்பீட்டுக்கு ஈடாக 50 மில்லியன் டாலர் வரை அஃப்ரினிக்கின் வங்கிக் கணக்குகளை முடக்க ஆணை பிறந்தது. ஒரு கண்டத்தின் பதிவகம் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திணறியது. மற்றப் பதிவகங்கள் கைகொடுக்க முன்வந்தன. சில மாதங்களில் முடக்கம் நீங்கியது. ஆனால் வழக்குகள் நிற்கவில்லை. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன.

தலைவரில்லாத வீடு

அடுத்து நடந்ததுதான் மிகவும் வேதனையானது. இயக்குநர்களின் பதவிக்காலம் ஒவ்வொருவராக முடிந்து வந்தது. புதிய தேர்தலோ வழக்குகளிலும் தடையாணைகளிலும் சிக்கிக்கொண்டது. 2022இல் இயக்குநர் வாரியம் கூடுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையே இல்லாமற்போனது. நம் சங்கங்களில் ‘கோரம்’ என்கிறோமே, அது. அவ்வாண்டு நவம்பரில் தலைமை நிருவாகியின் ஒப்பந்தக் காலமும் முடிந்தது. அதை நீட்டிக்கவோ புதியவரை அமர்த்தவோ வாரியம் இல்லை. வாரியத்தைத் தேர்ந்தெடுக்கத் தேர்தலை நடத்தவும் வாரியம் இல்லை! கிணற்றில் விழுந்தவர் ஏணியையும் கிணற்றுக்குள்ளேயே இழுத்துக்கொண்டதைப் போன்ற நிலை.

2023 செப்டம்பரில் நீதிமன்றம் அமைப்பைப் பார்த்துக்கொள்ளவும் தேர்தல் நடத்தவும் ஒரு பொறுப்பாளரை அமர்த்தியது. தேர்தல் நடக்காமலே காலம் ஓடியது. 2025இன் தொடக்கத்தில் வேறொரு பொறுப்பாளர் வந்தார். அவ்வாண்டு ஜூனில் ஒருவழியாகத் தேர்தல் தொடங்கியது. ஓர் உறுப்பினரின் சார்பில் வாக்களிக்கக் காட்டப்பட்ட அதிகாரப் பத்திரம் உண்மையானதுதானா என்ற ஐயம் எழவே வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டது. பின்னர் அந்தத் தேர்தலே செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. உலக அளவில் இந்தப் பதிவகங்களுக்கு ஏற்பளிக்கும் ஐகேன் அமைப்பு கடுமையான கடிதங்களை எழுதியது. ஜூலையில் கிளவுட் இன்னொவேஷன் நிறுவனம் அஃப்ரினிக்கையே கலைத்துவிட வேண்டும் என்று கோரியது. 2025 செப்டம்பரில் நடந்த மறுதேர்தலில்தான் புதிய இயக்குநர் வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் செயல்பட முடியாமல் மூன்று ஆண்டுகள் வீணாகியிருந்தன.

இவ்வளவுக்கும் நடுவில் அன்றாடப் பதிவேட்டுப் பணியை விடாமல் செய்துவந்தவர்கள் யார் தெரியுமா? சாதாரண ஊழியர்கள். தலைமை இல்லாமல், நாளை என்ன ஆகும் என்று தெரியாமல், அவர்கள் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவின் இணையம் அறுந்துபோகாமல் இருந்ததற்கு அவர்களே காரணம். தலைமையாசிரியர் இல்லாத பள்ளியிலும் மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழைகின்ற ஆசிரியர்களைத்தான் எனக்கு நினைவூட்டுகிறார்கள்.

குற்றம் யார்மீது?

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். பேராசை கொண்ட ஒரு வணிக நிறுவனம் ஏழைக் கண்டத்தின் சொத்தைச் சுரண்டி, வழக்குப் போட்டே அமைப்பை முடக்கிவிட்டது என்பது ஓர் அணி. திறமையற்ற, ஊழல் படிந்த பதிவகம் தன் தவற்றை மறைக்க உறுப்பினர்மீது பாய்ந்தது என்பது மற்றோர் அணி.

என் மனச்சாய்வை ஒளிக்க விரும்பவில்லை. ஒரு கண்டத்தின் பிள்ளைகளுக்கென இருந்த முகவரிகள் பிற நாடுகளில் வாடகைக்குப் போவதை எந்த ஆசிரியராலும் மகிழ்ச்சியோடு பார்த்திருக்க முடியாது. ஆனால் மனச்சாய்வு வேறு, நியாயம் வேறு. ‘வட்டாரத்திற்கு வெளியே பயன்படுத்தாதே’ என்பதுதான் நோக்கம் என்றால், அதைக் கொடுக்கும்போதே ஐயத்துக்கிடமின்றி எழுதி வாங்கியிருக்க வேண்டும். கொடுத்தபோது எழுதாத விதியை, விலை ஏறிய பிறகு நினைவூட்டினால் வழக்கு வரத்தான் செய்யும். மேலும், தன் பதிவேடே திருத்தப்பட்டிருந்ததைப் பல ஆண்டுகள் அறியாதிருந்த அமைப்பு, பிறரிடம் கணக்குக் கேட்கும்போது அதன் குரலுக்கு வலு குறைந்துவிடுகிறது. வீட்டுப்பாடத்தைத் திருத்தித் தராத ஆசிரியர், வீட்டுப்பாடம் செய்யாத மாணவனைக் கண்டிப்பது போலத்தான்.

நீதிமன்றத்தின்மீது பழிபோடுபவர்களும் உண்டு. ஒரு சிறு தீவின் நீதிமன்றம் கண்டத்தின் இணையத்தைத் தீர்மானிக்கலாமா, அஃப்ரினிக்குக்கு அனைத்துலக அமைப்புகளுக்குரிய சட்டக் காப்பு கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திராதே என்கிறார்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். அஃப்ரினிக் மொரீசியசு நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவானது என்று முன்பே சொன்னேன் அல்லவா? அதனால்தான் அதிருப்தியுற்ற உறுப்பினர் நீதிமன்றப் படியேற முடிந்தது. அமைப்புக்குள் கேள்வி கேட்கும் வழி இல்லாதபோது நீதிமன்றம்தான் எஞ்சிய ஒரே வாசல். அந்த வாசலையும் அடைத்துவிட்டு, யாரும் வழக்கே தொடுக்க முடியாதபடி செய்திருந்தால், உள்ளே நடந்த முறைகேடு இன்னும் எத்தனை ஆண்டுகள் மறைந்திருக்குமோ! காப்பு வேறு, பொறுப்புடைமை வேறு. முன்னதைக் கொடுத்துப் பின்னதைப் பெற முடியாது.

அப்படியானால் உண்மையான குறை எங்கே? எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கெட்டுப்போனால் என்ன செய்வது என்று எழுதிவைக்காமல் விட்டதுதான் குறை என்பேன்.

இதற்கு ஐகேனும் விலக்கன்று. புதிய வட்டாரப் பதிவகம் ஒன்றை ஏற்பதற்கான நெறிகளை அது 2001இல் வகுத்தது. அமைப்பு நடுநிலையானதாக இருக்க வேண்டும், வட்டாரத்தாரின் ஆதரவு வேண்டும், தொழில்நுட்பத் திறன் வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. பிறப்புச் சான்றிதழுக்கு வேண்டிய அனைத்தும் இருந்தது. ஆனால் ஏற்கப்பட்ட பதிவகம் பின்னாளில் அந்த நெறிகளிலிருந்து தவறினால் என்ன செய்வது, யார் சோதிப்பது, எப்படி ஏற்பைத் திரும்பப் பெறுவது, அதுவரை பதிவேட்டை யார் காப்பது என்று ஒன்றுமே இல்லை. இருபதாண்டுக்கு மேல் அந்த இடைவெளி யார் கண்ணிலும் உறுத்தவில்லை. அஃப்ரினிக் தள்ளாடிய பிறகுதான் புதிய நெறிகளை வரையத் தொடங்கினார்கள். 2025இல் அந்த வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. பதிவகங்களைக் காலமுறைப்படி தணிக்கை செய்வதும், ஒன்று செயலிழந்தால் பணி தொடர ஏற்பாடு செய்வதும், தேவையானால் ஏற்பை நீக்குவதும் அதில் இடம்பெற்றுள்ளன. நல்லதுதான். ஆயினும் வெள்ளம் வருமுன் போட வேண்டிய அணையை வெள்ளம் வடிந்தபின் போடுகிறோம்.

நம் வட்டாரமும் விலக்கன்று

நம் ஏப்னிக்கிலும் அலை அடித்தது. 2023இல் மணிலாவில் நடந்த மாநாட்டையொட்டி அதன் நிருவாகக் குழுவுக்குத் தேர்தல் நடந்தது. முகவரி வணிகத்தில் ஈடுபட்டோருடன் தொடர்புடைய வேட்பாளர்கள் குழுவைக் கைப்பற்றப் பார்க்கிறார்கள் என்ற அச்சம் பரவியது. உறுப்பினர்களைத் தவறாக வழிநடத்தும் தொலைபேசி அழைப்புகள் வருவதாகவும் புகார்கள் எழுந்தன. அஞ்சியது போல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஏப்னிக் அத்துடன் ‘தப்பித்தோம்’ என்று உறங்கிவிடவில்லை. தேர்தலில் நிற்பவர்களுக்கான தகுதிகளை இறுக்கும் வகையில் தன் துணை விதிகளைத் திருத்த முன்மொழிந்தது. உறுப்பினர்கள் அதே ஆண்டு வாக்களித்து அத்திருத்தங்களை நிறைவேற்றினார்கள். பக்கத்து வீட்டில் தீப்பிடித்தபோது தன் கூரையில் தண்ணீர் தெளித்துக்கொண்ட செயல் இது. பாராட்டத்தக்கது.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ‘தவறானவர்கள் உள்ளே வந்துவிடக்கூடாது’ என்று எழுதப்படும் விதி, நாளடைவில் ‘புதியவர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது’ என்ற விதியாக மாறிவிடக்கூடும். ஏற்கெனவே நாற்காலியில் இருப்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விடும். கதவுக்குப் பூட்டுப் போடும்போது சாவி உறுப்பினர் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

பெற்றோர்களே, நம் பள்ளிகளைச் சுற்றி எத்தனை அமைப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளி மேலாளர் வாரியம், முன்னாள் மாணவர் சங்கம், கட்டடக் குழு. அவற்றுள் பல நல்ல மனிதர்களின் நம்பிக்கையால் மட்டுமே நடக்கின்றன. ‘அவர் இருபது வருடமாகப் பார்த்துக்கொள்கிறார், அவரைப் போய்க் கேட்பதா?’ என்று நாம் கூசுகிறோம். அஃப்ரினிக்கிலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். நீண்டநாள் ஊழியர், தொடக்கத்திலிருந்தே இருப்பவர், எல்லாம் அறிந்தவர். அவரிடம் கேட்பானேன் என்று விட்டிருப்பார்கள்.

கணக்குக் கேட்பது அவமதிப்பு என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிக் கிடக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. நேர்மையானவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. பதிவேட்டை ஆண்டுக்கொரு முறை வேறொருவர் சரிபார்க்கிறார் என்றால், அதைக் குறிப்பவர்மீது வீண்பழி விழாது. நம் வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் பார்த்துக் கையொப்பமிடுகிறாரே, அதை நாம் அவமதிப்பாகவா கருதுகிறோம்?

மூன்று கேள்விகளை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் சங்கத்தின் சட்டவிதியை எடுத்துப் பாருங்கள். முதலாவது, செயற்குழுவினர் பாதிப்பேர் ஒரே நேரத்தில் விலகிவிட்டால் அல்லது பதவிக்காலம் முடிந்து தேர்தல் தள்ளிப்போனால், யார் பொறுப்பேற்பது என்று அதில் எழுதியிருக்கிறதா? அஃப்ரினிக் மூன்று ஆண்டுகளை இழந்தது இங்கேதான். இரண்டாவது, பணக் கணக்கைத் தவிர மற்றப் பதிவுகளை, அதாவது உறுப்பினர் பட்டியல், சொத்துப் பட்டியல், நிலப் பத்திரம் ஆகியவற்றை, அவற்றை வைத்திருப்பவர் அல்லாத இன்னொருவர் கடைசியாக எப்போது சரிபார்த்தார்? மூன்றாவது, பதிலாள் வாக்கு அனுமதிக்கப்படுகிறது என்றால், அந்த ஒப்புதல் உண்மையானதுதானா என்று எப்படி உறுதி செய்கிறீர்கள்? ஒரே ஓர் அதிகாரப் பத்திரம் ஒரு கண்டத்தின் தேர்தலை நிறுத்தியதை மறக்க வேண்டா.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பொதுக்கூட்டத்துக்கு நாம் போகிறோமா? பதிவகங்களின் அமைப்பு முறையே உறுப்பினர்கள் விழிப்போடு இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பின்மீது எழுப்பப்பட்டது. அஃப்ரினிக்குக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு. அத்தனை பேரும் பதிவேட்டில் ஆளுக்கொரு கண் வைத்திருந்தால், நான்கு மில்லியன் எண்கள் கைமாறியதைக் கண்டுபிடிக்க ஒரு வெளியாள் வேண்டியிருந்திராது. காலியான நாற்காலிகளின் நடுவே நடக்கும் பொதுக்கூட்டத்தில் எந்தத் தீர்மானமும் எளிதாக நிறைவேறிவிடும். அப்படி நிறைவேறியவற்றுக்கு, வராமல் இருந்தவர்களும் பொறுப்பாளிகளே.

அஃப்ரினிக்கின் புதிய வாரியத்தின் முன்னே மலையளவு வேலை இருக்கிறது. ஆப்பிரிக்காவில் இன்னும் இணையத்தையே பார்க்காத பள்ளிகள் எத்தனையோ. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வழக்குகளைப் பற்றித் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஓர் எண், அதை அவர்கள் பெயரிலேயே நேர்மையாக எழுதிவைக்கும் ஒரு கை. அந்தக் கை உறுதியாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துவோம்.

நம் பள்ளியின் அடுத்த பொதுக்கூட்ட அறிவிப்பு வீட்டுக்கு வரும்போது, அதைப் புத்தகப்பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டின் கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு வாருங்கள். ஒரு கேள்வியாவது கேளுங்கள்.